திறப்பு வாங்கிய நாளில் உடைந்த பூட்டு

என் முழுப்பெயர் பியாட்றிஸ் ரத்தினமலர் எட்வேர்ட். வயது அறுபத்தொன்பது. மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் எட்வேர்ட் காலமாகிவிட்டார். ஒரே மகன் ஜொனதன் கனடாவில் இருக்கிறான். சுன்னாகத்தில் புகையிரத நிலையத்துக்குப் போகும் ஒழுங்கையில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். தற்போது இடுப்பிலும் வலது மணிக்கட்டிலும் எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, வைத்தியசாலையின் பெண்கள் வார்டில் படுத்திருக்கிறேன். என் புத்தி தெளிவாக இருக்கிறது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுக்காவிட்டாலும் தெளிவாகத்தான் இருக்கிறது.

இதைப் பெண் உப பொலிஸ் பரிசோதகர் ஒருவர் என் கட்டிலருகே இருந்து எழுதுகிறார். நானும் கச்சேரியில் இருந்த காலத்தில் பலர் சொன்னதை எழுதியவள். எழுதுகிறவர் சுருக்கினால் சொன்னவரின் தலைதான் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் சுருக்காமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். என் மகனை விட இளையவர், பிள்ளை என்றே கூப்பிடுகிறேன். பிள்ளை சம்மதித்தார்.

கிறிஸ்துநாயகம் என்பவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்குச் சொந்தமான மற்ற வீட்டின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்தார் என்று பிடிக்கப்பட்டு, விளக்கமறியலில் இருக்கிறார். நாளை அவரை மீண்டும் நீதவான் முன் கொண்டுபோவார்கள். அந்த வீடு என்னுடையது. அந்தப் பூட்டும் என்னுடையது. உள்ளே இடுப்பு உடைந்து கிடந்தவளும் நானே. ஆகவே அதைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரித்துள்ளவர் வேறு ஒருவரும் இல்லை.

அந்த வீடு என் வளவின் பின்புறம், அடுத்த ஒழுங்கையைப் பார்த்தபடி நிற்கிறது. என் மாமனார் கட்டிய பழைய கல்வீடு. சண்டைக் காலத்தில் கூரை ஓடுகளும் யன்னல்களும் போய்ப் பாழாய்க் கிடந்ததை, மகன் அனுப்பிய காசில் திருத்தி, நிலத்துக்கு மாபிள் பதித்து, உள்ளேயே குளியலறை வைத்து, வாடகைக்கு விடக்கூடியதாக்கினோம். மகனுக்கு அது முதலீடு. வங்கியில் நிலையான வைப்பில் போட்டிருந்தால் இதைவிடக் கூட வந்திருக்கும் என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வாழ்த்துச் சொன்ன கையோடு சொல்வான். ஓடு ஒழுகினாலும், மோட்டர் எரிந்தாலும், பிரதேச சபையில் இருந்து சோலைவரி கட்டச் சொல்லி வந்தாலும் பார்ப்பது நான். வங்கி வட்டிக்கு ஓடு ஒழுகாது என்பது உண்மைதான்.

வீட்டை வாடகைக்குக் கொடுப்பதென்றால் எங்கள் குடும்பத்துக்குக் குலைநடுக்கம். என் கணவரின் சித்தப்பா யாழ்ப்பாண நகரில் ஒரு நல்ல வீட்டை வாடகைக்குக் கொடுத்திருந்தார். வாடகைச் சட்டம் வந்து வாடகையைக் கட்டிப்போட்டது. அதன் பின்னர் வாடகையைக் கூட்டவும் முடியவில்லை, இருந்தவரை எழுப்பவும் முடியவில்லை. கடைசிக் காலத்தில் அந்த வீட்டின் மாத வாடகை ஒரு கோழி வாங்கக் காணாது. வழக்கு அப்பனிடமிருந்து மகனுக்கு முதுசமாக வந்தது, வீடு வரவில்லை. சூடு கண்ட பூனை என்பார்களே, அந்தப் பூனையின் பரம்பரை நாங்கள். அங்கே குடியிருந்தவர்களைக் கேட்டால், அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு தெருவில் நின்றிருப்போம் என்பார்கள். அதுவும் பொய்யாக இராது.

ஆகவே எங்கள் வீட்டை வாடகைக்கு விடமுன்னர் என் கணவர் ஒரு சட்டத்தரணியிடம் போய் யோசனை கேட்டார். அந்தச் சட்டத்தரணி, "உது பழைய வீடு, பழைய சட்டம் ஒட்டிக்கொள்ளும். ஆக்களைத் தொடர்ந்து இருக்க விடாதேங்கோ. வருசத்துக்கு ஒருக்கா எழுப்பி, வீட்டை வெறுமையாக்கி, திறப்பை வாங்கி, ஒரு இரவு பூட்டி வைச்சுப்போட்டுப் புது ஒப்பந்தம் எழுதிக் குடுங்கோ" என்று சொன்னார். என் கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அவர் காலமான பின்னரும் நான் அதைக் கைவிடவில்லை.

கிறிஸ்துநாயகம் குருநகரைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர். நான் அவரை நாயகம் என்று கூப்பிடுவேன். வல்வெட்டித்துறைக் கரையில் மீன் எடுத்து வந்து சுன்னாகம் சந்தையில் விற்கிறார். மனைவியின் பெயர் லூர்த்தம்மா. அவருக்குச் சலரோகம், நாள்தோறும் இன்சுலின் ஊசி போடுகிறவர். அவர்களுக்கு வீடு கொடுத்தபோது மீன் பெட்டி வளவுக்குள் வரக் கூடாது, மீன் மணம் மதிலைத் தாண்டி என் பக்கம் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். அதற்கு லூர்த்தம்மா, "பெட்டியை நிப்பாட்டலாம் அம்மா. மணத்துக்கு மதில் தெரியுமே?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர்கள் வாடகை ஒரு மாதமும் பிந்தியதில்லை. மணமும் ஒரு நாளும் பிந்தியதில்லை.

வருடா வருடம் நாங்கள் செய்வது இதுதான். ஒரு வீட்டை முழுதாக வெறுமையாக்குவதற்குக் கட்டில், அலுமாரி, பிரிட்ஜ் எல்லாம் ஏற்றி இறக்க வேண்டும், அது ஆருக்கும் முடிகிற வேலையில்லை. ஆகவே ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையையும் ஒரு பானையையும் படலைக்கு வெளியே வைப்போம். நான் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுப்பேன். அதன் பின்னர் நாயகம் திறப்பைத் தந்து, வீட்டைக் கையளித்துவிட்டேன் என்று நான் எழுதி வைத்திருக்கும் கடதாசியில் ஒப்பமிடுவார். அதன் பின்னர் நான் முன்பக்க இரும்புக் கதவுக்கு என்னுடைய ஆமைப்பூட்டைப் போடுவேன். அதன் பின்னர் இருவரும் குருநகரில் லூர்த்தம்மாவின் தங்கை றோஸ் வீட்டுக்குப் போய் அன்றிரவு தங்கிவிட்டு, மறுநாள் காலை ஒரு வாளி கூழோடு வருவார்கள். நான் திறப்பையும் புது ஒப்பந்தத்தையும் கொடுத்துவிட்டுக் கூழை வாங்கிக்கொள்வேன். நண்டும் ஒடியல் மாவும் போட்ட அந்தக் கூழுக்காகவே நான் அந்த நாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பதையும் எழுதலாம். எல்லா வருடமும் அதே கதிரைதான். படங்களை அடுக்கிப் பார்த்தால் கதிரையின் நீலம் மங்கிக்கொண்டு போவது மட்டுமே வித்தியாசம்.

ஒரு முறை நாயகம், "அம்மா, உந்தக் கதிரைக்கு ஒரு வருசம் லீவு குடுக்கேலாதே?" என்று கேட்டார். நான், "சட்டம் எண்டால் சட்டம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு கதிரையை வெளியே தூக்கிப்போய் வைத்தார்.

இந்த வருடம் மகன் தொலைபேசியில், "அம்மா, திறப்பை வாங்கின கையோடை வைச்சிருங்கோ, திருப்பிக் குடுக்காதேங்கோ. வெளிநாட்டிலை இருந்து வாற சனத்துக்கு நாள் வாடகைக்கு விடுவம். இப்ப வாறதைப்போலை மூண்டு மடங்கு வரும்" என்றான். நான் "பாப்பம்" என்றேன். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் ஓமும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. நாயகத்திடம் இதைப் பற்றி நான் ஒன்றும் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பசியில் இருவரையும் அவசரப்படுத்தி வெளியே அனுப்பினேன். கதிரை வைக்கப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, திறப்பு வாங்கப்பட்டது, கடதாசியில் ஒப்பம் வாங்கப்பட்டது, பூட்டுப் போடப்பட்டது. நான் அவசரப்படுத்தியதால் லூர்த்தம்மா பிரிட்ஜுக்குள் இருந்த இன்சுலின் பெட்டியை எடுக்க மறந்து போனார். இது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் போன பின்னர், அந்த வீட்டுக்கு எதிரே முன்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் கதிரவேலு அவர்களிடம், "இண்டைக்கு வீடு வெறுமையாக் கிடக்கு. ஆராவது வந்தால் ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பின்னர், கைத்தொலைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு, பின்வளவால் போய், என்னிடம் உள்ள குசினித் திறப்பால் கதவைத் திறந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். தனியாக இருக்கிறவளின் பழக்கத்தில் குசினிக் கதவை உள்ளே தாழிட்டுக் கொளுவினேன். மகன் சொன்ன கதை மனதில் இருந்தபடியால், வெளிநாட்டுச் சனம் வந்து தங்கினால் எதை எதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு போனேன். குளியலறையில் ஈரம் காயவில்லை. குளியலறையில் மெதுவாக நடவுங்கோ, மாபிள் வழுக்கும் என்று அவர்களுக்கு எத்தனையோ முறை சொன்னவள் நான். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்த கதையாக, நானே வழுக்கினேன். விழும்போது சுவரில் இருந்த பைப்பைப் பிடித்தேன். பைப்பு முறிந்து என்னோடு வந்தது. அதன் பின்னர் மேலே தாங்கியில் இருந்த தண்ணீர் முழுவதும் என் மேல் கொட்டியது.

இடுப்பை அசைக்க முடியவில்லை. வலது கை எனக்குச் சொந்தமில்லாதது போலக் கிடந்தது. நான் கூப்பிட்டேன். எங்கள் சபைப் பாடகர் குழுவில் என் தொண்டையைக் குறைக்கச் சொல்லித்தான் எப்போதும் சொல்வார்கள், ஆனாலும் யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தபடியால் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆமைப்பூட்டுப் போட்ட வெறும் வீட்டுக்குள் ஆள் இருக்கும் என்று ஆர் நினைப்பார்கள்? கொழும்புக்குப் போகிற ரயில் போனது. கோயில் மணி கேட்டது. அதற்குள் என் குரல் அடைத்துப் போய்விட்டது. தண்ணீரும் நின்றுவிட்டது. குளிரில் பல் கிட்டியது. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தபடியால், படுத்த இடத்திலிருந்து முன் அறைச் சுவரில் அவர்களுடைய திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிகிற சின்னச் சிவப்புக் குமிழ் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நாளைக்குக் காலை கூழ் வாளியோடு வந்து கதவடியில் நிற்கப் போகிறார்கள், திறக்க ஆள் இராது, அவ்வளவுதான் என் கதை என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அழுதேன்.

அதன் பின்னர் முன்பக்கத்தில் இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பூட்டை ஆரோ உடைக்கிறார்கள் என்று விளங்கியது. கள்ளன் என்று நினைத்து, அவ்வளவு நேரமும் கூப்பிட்டுக் கிடந்தவள் வாயை மூடிக்கொண்டேன். ஆள் உள்ளே வந்து நேராகக் குசினிக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தது கேட்டது. என்ன சாப்பாட்டுராமன் கள்ளனோ என்று அந்த நிலையிலும் நினைத்தேன். அதன் பின்னர் ஆள் தண்ணீருக்குள் கால் வைக்கிற சத்தம் கேட்டது. அதோடு, "ஐயோ, ஆரப்பா பைப்பைத் திறந்துவிட்டுப்போட்டுப் போனது? அம்மா கண்டா எண்டால் எங்களைக் கொல்லப் போறா" என்று நாயகத்தின் குரல் கேட்டது.

நான் அடைத்த குரலில், "கொல்லமாட்டன் நாயகம். இங்கை வா" என்றேன்.

அவர் வாசலுக்கு வந்து என்னைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வீட்டில் போடுகிற மெல்லிய சட்டையோடு போனவள், அது முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அவர் தன் சேட்டைக் கழற்றி, முகத்தைத் திருப்பியபடியே, பின்கையால் என் மேல் போர்த்தினார். அதன் பின்னர், "அசையாதேங்கோ அம்மா. நான் தூக்கமாட்டன். தூக்கினால் முறிவு இன்னும் கூடிப்போகும்" என்று சொல்லி அம்புலன்ஸுக்கு அடித்தார். அதன் பின்னர் லூர்த்தம்மாவுக்கு அடித்தார். அதன் பின்னர் வாசலில் எனக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்துகொண்டு, நான் நித்திரையாகிவிடக் கூடாது என்று ஏதேதோ கதைத்தார். பாரை வரத்தில்லை என்றார். விளைமீனை யானை விலை சொல்கிறார்கள் என்றார். கதைக்க மீன் முடிந்ததும் மாதாவின் செபத்தைச் சொன்னார். எங்கள் சபையில் அந்தச் செபம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஆமென் சொன்னேன்.

பூட்டு உடைபடும் சத்தத்தில் கதிரவேலு அவர்கள் மத்தியான நித்திரையால் எழும்பி, உடைக்கிறவரின் முகம் தெரியாமல், பொலிஸுக்கு அறிவித்திருக்கிறார். அம்புலன்ஸுக்கு முன்னர் பொலிஸார் வந்தார்கள். நாயகம் எழும்பி முன்கதவில் நின்று, "உள்ளுக்கை அம்மா விழுந்து கிடக்கிறா. உடுப்பெல்லாம் நனைஞ்சு போச்சு. பொம்பிளை ஆள் ஒராள் வரட்டும், அதுக்குப் பிறகு போங்கோ" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உடைந்த பூட்டு, மேலில் சேட்டு இல்லாத ஆள், உள்ளே ஒரு கிழவி விழுந்து கிடக்கிறாள், ஆள் உள்ளே விடமாட்டேன் என்று நிற்கிறான். பொலிஸார் வேறு எதை நினைப்பார்கள்? அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். நான் சொல்ல முயன்றேன், குரல் எழவில்லை. கதிரவேலு அவர்களின் மனைவி ஓடிவந்து ஒரு படுக்கைவிரிப்பால் என்னை மூடும் வரைக்கும் அவர் அந்த நிலையை விடவில்லை என்று பின்னர் அறிந்தேன். அதன் பின்னர் விலங்கு போட்டார்கள். அவர் கையில் இருந்ததை எடுத்து, களவெடுத்த பொருள் என்று ஒரு மருந்துப் பெட்டியைப் பதிந்திருக்கிறார்கள். அதில் கிளினிக்கில் ஒட்டிய துண்டில் லூர்த்தம்மாவின் பெயர் இருக்கிறது.

சத்திரசிகிச்சை முடிந்து நினைவு வந்தபோது என் தலைமாட்டில் லூர்த்தம்மா இருந்தார். அவருக்கு அன்றே இந்த வைத்தியசாலையில் ஊசி போட்டுவிட்டார்கள் என்று தாதி சொன்னார், அதற்கும் கடவுளுக்குத் தோத்திரம். அவர் என் தலையை இழுத்துப் பின்னிவிட்டு, "கஞ்சி குடிச்சியளே அம்மா?" என்று கேட்டார். புருசன் எங்கே என்று நான் கேட்ட பின்னர்தான் சொன்னார். என்னைக் கதைக்கச் சொல்லியோ காப்பாற்றச் சொல்லியோ ஒரு சொல் கேட்கவில்லை. அன்று பின்னேரம் கதிரவேலு அவர்கள் என் கைப்பையையும் கைத்தொலைபேசியையும் கொண்டுவந்து தந்து, "பொலிஸுக்கு நான்தான் அடிச்சனான் தங்கச்சி" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பார்க்கச் சொன்னது நான், அவர் பார்த்தார், அவருக்கும் நான் நன்றிதான் சொன்னேன்.

இன்று காலை மகன் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தான். எனக்கு ஏதும் நடந்திருந்தால் என்று விக்கி விக்கி அழுதான். அதன் பின்னர், தான் ஒரு சட்டத்தரணியோடு கதைத்ததாகவும், நான் ஞாயிற்றுக்கிழமை தனக்கு அனுப்பியிருந்த, நாயகம் ஒப்பமிட்ட கடதாசியின் படமும் கதிரையின் படமும் அவர் மூலம் பொலிஸாரிடம் கொடுக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னான். "அம்மா, அந்த ஆளை மன்னிக்கிறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வாடகைக்காரர் எண்டு மட்டும் வாய் திறந்துபோடாதேங்கோ. சொன்னியள் எண்டால் வீடு போச்சு" என்றான். நான் பாப்பம் என்று சொல்லவில்லை. பிறகு எடு மகன் என்று வைத்துவிட்டேன்.

அதன் பின்னர் பரிசோதகர் பிள்ளை வந்தார். அவர் என்னிடம் சொன்னதும் கேட்டதும் பின்வருமாறு. "அம்மா, நீங்கள் உள்ளுக்கை கிடந்தது தெரியாமல்தான், மருந்து எடுக்கப் பூட்டை உடைச்சனான் எண்டு அவரே சொல்லுறார். உங்கடை வீட்டிலை போய்த் தட்டிப் பாத்தவராம், போன் எடுத்துப் பாத்தவராம், பதில் இல்லையாம். மீன் நிறுக்கிற படிக்கல்லாலை உடைச்சவராம். உள்ளுக்கை முனகல் சத்தம் ஏதும் கேட்டதோ எண்டு நான் திருப்பித் திருப்பிக் கேட்டனான். இல்லை எண்டுறார்."

நான், "அவர் சொல்லுறது சரி. நான் சத்தம் போடேல்லை" என்றேன்.

"அப்பிடியெண்டால் உங்கடை உயிரைக் காப்பாத்த உடைச்சவர் எண்டு எழுதேலாது. திறப்பைத் தந்து ஒப்பமும் வைச்சிருக்கிறார். அந்த நேரம் அந்த வீட்டுக்குள்ளை போக அவருக்கு உரிமை இருந்ததோ, இல்லையோ? நீதவான் அதைத்தான் பாப்பார்."

நான் கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். ஒரு கடதாசி ஒரு மேசையிலிருந்து எந்தெந்த மேசைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். இந்த விடை எழுதப்பட்டுவிட்டால், நான் வருடா வருடம் செய்தது வெறும் கதிரை வைக்கிற வேலை என்று நானே பொலிஸில் சொன்னதாகிவிடும். அதன் பின்னர் நாயகம் நினைத்தால் தொடர்ந்து குடியிருந்தவர் என்று நிற்கலாம். சித்தப்பாவின் வீட்டுக்கு நடந்தது என் வீட்டுக்கும் நடக்கலாம். இதையெல்லாம் அறிந்து, ஒருவரும் வற்புறுத்தாமல், பின்வருமாறு விடை சொல்கிறேன்.

உரிமை இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரமும் அவர் என் வாடகைக்காரர். அந்த வீட்டுக்குள் அவர்களுடைய கட்டில் இருந்தது. அவர்களுடைய உடுப்புப் பின்கொடியில் காய்ந்தது. அவர்களுடைய மருந்து பிரிட்ஜுக்குள் இருந்தது, அந்தப் பிரிட்ஜும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டைக் கையேற்றதும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும் என்று என் கணவருக்குச் சட்டத்தரணி சொல்லியிருந்தார். நான் ஒரு வருடமும் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் அவர்களுடைய திருஇருதயக் குமிழ் அணைந்துபோகும், லூர்த்தம்மா வந்து பார்த்தால் மனம் நோவார் என்று நிறுத்தாமல் விட்டேன். வெறும் வீட்டுக்கு ஆர் விளக்கு எரியவிடுவார்கள்? அது அவர்கள் வீடு என்று எனக்குத் தெரிந்திருந்தது. கடதாசியை எழுதியவள் நான், அதன் பெறுமதி என்ன என்று சொல்லக்கூடியவளும் நானே. அதில் உள்ள ஒப்பம் அவருடையது, பயம் என்னுடையது.

கதிரை வைத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. வீட்டைக் கொடுத்துவிட்டு வழக்குக்கு அலைந்தவர்களின் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் அந்தப் பயம் விளங்கும். ஆனால் என்னைக் காப்பதற்கென்று நான் போட்ட பூட்டு என்னை உள்ளே வைத்துப் பூட்டியது. ஆருக்குப் பயந்து நான் அதைப் போட்டேனோ, அவரே அதை உடைத்தார். உடைத்ததற்கு நன்றி. சேட்டைக் கழற்றிப் போர்த்தியதற்கு நன்றி. அதைவிட, கதவுநிலையை விடாமல் நின்றதற்கு நன்றி. கை விலங்கைக் கண்டபோதும் என் மானத்தைப் பற்றி நினைத்த ஒரு மனிதரை நான் பூட்டுடைத்தவர் என்று சொல்லமாட்டேன். பொய் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்ற இடத்தில் அவர் உண்மை சொல்லியிருக்கிறார். என்னுடைய உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வீட்டுக்கு மேல் செலவாகாது.

பரிசோதகர் பிள்ளை, "அம்மா, இதை எழுதினால் பிறகு மாத்தேலாது" என்றார். "அதுக்குத்தான் பிள்ளை எழுதச் சொல்லுறன்" என்றேன்.

நாயகத்தின் சேட்டை வைத்தியசாலையில் ஒரு பையில் போட்டு என் கட்டிலுக்குக் கீழ் வைத்திருந்தார்கள். அதைப் பரிசோதகரிடம் ஒப்படைக்கிறேன், அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதைத் தோய்க்க எனக்கு வசதியில்லை. மீன் மணம் இருக்கிறது, இருக்கட்டும். லூர்த்தம்மாவின் மருந்துப் பெட்டியைச் சான்றுப்பொருளில் இருந்து எடுத்து அவரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உடைந்த ஆமைப்பூட்டை வழக்கு முடிந்த பின்னர் எனக்குத் திருப்பித் தர வேண்டாம். வீட்டுத் திறப்பு என் கைப்பைக்குள் இருந்தது, அதை இன்று காலை லூர்த்தம்மாவிடம் கொடுத்துவிட்டேன். படம் எடுக்கவில்லை.

நான் சொன்னவை யாவும் எனக்குக் கேட்கும்படி உரத்து வாசிக்கப்பட்டன. நடந்தவை நடந்தபடியே எழுதப்பட்டிருக்கின்றன, ஓர் இடத்தைத் தவிர. மூன்றாவது பந்தியில் பரிசோதகர் "முன்னைய வாடகைக்காரரான கிறிஸ்துநாயகம்" என்று எழுதியிருந்தார். அவர் என்மேல் இரக்கப்பட்டு, மகன் சொன்னதற்கும் ஒரு வழி இருக்கட்டும் என்று எழுதினார் என்றே நினைக்கிறேன், அவருக்கும் என் நன்றி. நான் "முன்னைய வாடகைக்காரரான" என்பதை வெட்டச் சொன்னேன். அவர் அந்தப் பந்தியை நான் சொன்னபடியே திருத்தினார். என் வாழ்நாளில் எத்தனையோ பேரின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்தவள் நான். இன்று வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் என் இடது பெருவிரலைப் பிள்ளை பிடித்துத் தோய்த்தார்.

பியாட்றிஸ் ரத்தினமலர் எட்வேர்ட்
(இடது பெருவிரல் அடையாளம்)

பதிந்தவர் குறிப்பு: மூன்றாவது பந்தியில் "முன்னைய வாடகைக்காரரான" என்ற சொற்கள் வாக்குமூலம் அளித்தவரின் கோரிக்கையின்படி வெட்டப்பட்டன. வெட்டிய இடத்திலும் அவரது பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. அந்த இடத்தில் அவர் தேவைக்கு மேலாக அழுத்தியதால் மை அடுத்த பக்கத்துக்கும் ஊறியுள்ளது.